ராடிக்கியோவை எப்போது விதைப்பது? உறைபனித் தேதி பற்றி ஓர் எளிய விளக்கம்

கனடாவிலும் பிரிட்டனிலும் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் ஏப்ரல் பிறந்தால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: கடைசி உறைபனி எப்போது? தக்காளி, மிளகாய், கத்தரி, புடலை எல்லாம் வீட்டுக்குள் நாற்றாக நிற்கும். அந்தத் தேதி கழிந்த பிறகே வெளியே போகும். நல்ல பழக்கம்தான். ஆனால் எல்லாச் செடிகளுக்கும் அதே தேதியை அதே விதமாகப் பொருத்தும்போது சிக்கல் வருகிறது. ராடிக்கியோ என்ற சிவந்த இலைக் கீரையின் விதை வாங்கிய பலர் அதையும் தக்காளியோடு சேர்த்து மே மாதத்தில் நட்டுவிடுகிறார்கள். ஜூலையில் இடுப்பளவு உயரத் தண்டும் நீலப் பூவும் வருகின்றன. கடையில் பார்த்த சிவந்த உருண்டை மட்டும் வருவதில்லை. "நம் மண்ணுக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு அடுத்த வருடம் அந்தப் பக்கமே போவதில்லை.

மண் ஒரு பாவமும் செய்யவில்லை. ராடிக்கியோவுக்கு நாம் பார்க்க வேண்டியது வசந்தத்தின் கடைசி உறைபனியை விட, இலையுதிர் காலத்தின் முதல் உறைபனியை. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தேதி என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை என்று தெரியாமல் எண்ணினால் கணக்குத் தப்பும். ஆகவே அங்கிருந்து தொடங்கலாம்.

## முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம்

ராடிக்கியோ வட இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் உருவான கீரை வகை. சிவந்த இலை, தடித்த வெள்ளை நரம்பு, நாக்கில் பளிச்சென்று தெரியும் கசப்பு. சியோஜியா என்ற கடலோர ஊரின் பெயரைத் தாங்கிய வகை சிறிய முட்டைக்கோஸ் போல உருண்டையாக இருக்கும். ட்ரெவிசோ வகை நீண்டு குறுகியது. வெரோனா வகை இரண்டுக்கும் இடைப்பட்டது. காஸ்டெல்ஃபிராங்கோ வகையில் வெளிர்மஞ்சள் இலைமேல் சிவப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும்.

நமக்கு இது அறிமுகமில்லாத செடி என்று நினைக்க வேண்டாம். கும்பகோணம் டிகிரி காபியில் கலக்கும் சிக்கரித் தூள், இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு வகையின் வேரை வறுத்து அரைத்தது. இரண்டுக்கும் தாவரவியல் பெயர் ஒன்றே: சிக்கோரியம் இன்டிபஸ். வேருக்காக வளர்த்தால் சிக்கரி, இலைக்காக வளர்த்தால் ராடிக்கியோ.

இதன் வாழ்க்கை இரண்டு ஆண்டுகளுக்கு நீளும். முதல் ஆண்டில் இலையும் வேரும். குளிர்காலத்தை வேரில் சேமித்த உணவோடு கடக்கும். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் தண்டு விட்டுப் பூத்து விதை கொடுத்து முடியும். இப்படிப்பட்டதை ஈராண்டுச் செடி என்கிறோம். இனி சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்து கிளைப்பவைதான். தோட்டக்காரர் செய்ய வேண்டியது, செடி முதல் ஆண்டு வேலையை நிதானமாக முடிக்கும்படியான நாட்களில் அதை மண்ணில் வைப்பது.

## தேதி என்பது சராசரி

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20 என்று வானிலைத் துறை குறித்து வைத்திருக்கிறது. அதற்காக எந்த விவசாயியும் 19ஆம் தேதி வரை மழை பெய்யாது என்று நம்பி நெல்லைக் களத்தில் காயப்போட்டுவிட்டு உறங்குவதில்லை. சில வருடம் முன்னதாக வரும், சில வருடம் நவம்பர் வரை இழுக்கும், நடுவில் நிற்பது 20ஆம் தேதி. உறைபனித் தேதியும் அப்படிப்பட்ட நடுப்புள்ளிதான்.

வானிலைக் கணக்கில் உறைபனி நாள் என்பது, காற்றின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்கோ அதற்குக் கீழோ இறங்கிய நாள். ஒரு வானிலை நிலையத்தில் 30 ஆண்டுகளின் பதிவை எடுத்து, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அப்படிப்பட்ட முதல் நாள் எதுவென்று வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசையின் மையம்தான் நாம் பார்க்கும் முதல் உறைபனித் தேதி. இப்போது பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான பதிவிலிருந்து வந்த கணக்கு. பழைய தோட்டக்கலைப் புத்தகத்தில் இருக்கும் தேதி அதற்கு முந்தைய 30 ஆண்டுகளுடையதாக இருக்கலாம். பல இடங்களில் இலையுதிர் காலப் பனி தள்ளிப்போய்க்கொண்டிருப்பதால், பழைய அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம்.

மையத் தேதி என்றால் பாதி வருடங்களில் பனி அதற்கு முன்பே வந்துவிட்டது என்று பொருள். நாணயத்தைச் சுண்டிப் பார்க்கும் வாய்ப்புதான். அதனால்தான் நல்ல அட்டவணைகள் ஒரே தேதியைத் தராமல் மூன்றைத் தருகின்றன: பத்து வருடத்தில் ஒரு வருடம் மட்டுமே பனி முந்திக்கொள்ளும் தேதி, ஐந்து வருடம் முந்திக்கொள்ளும் தேதி, ஒன்பது வருடம் முந்திக்கொள்ளும் தேதி. முதல் தேதிக்கும் நடுத்தேதிக்கும் இடையே பல இடங்களில் இரண்டு வாரம் அளவுக்கு இடைவெளி இருக்கும்.

எதை எடுத்துக்கொள்வது என்பதைச் செடிதான் தீர்மானிக்க வேண்டும். தக்காளி ஒரே இரவில் கருகிவிடும். அதற்கு மிகப் பாதுகாப்பான தேதி வேண்டும். ராடிக்கியோ பனியைத் தாங்கும் செடி. அதற்கு நடுத்தேதி போதும். அதைக் கெடு நாளாக எடுத்துக்கொள்ளாமல், எண்ணத் தொடங்கும் புள்ளியாக வைத்துக்கொண்டால் சரி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விதைப் பொட்டலத்தின் பின்னால் குளிர் மண்டல எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் அந்த வரைபடம், ஓர் இடத்தில் குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் காட்டுகிறது. பனி எந்த மாதம் தொடங்கும், கோடை எவ்வளவு சுடும் என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. மழைக்குளிர் மிகுந்த சியாட்டிலும் வியர்வை வழியும் வட புளோரிடாவும் அந்த வரைபடத்தில் ஏறத்தாழ ஒரே எண்ணுக்குள் வருகின்றன. இரண்டிலும் ஒரே நாளில் விதைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல்லாண்டு வாழும் மரம் வாங்கும்போது மண்டல எண்ணைப் பாருங்கள். ராடிக்கியோ விதைக்க அது உதவாது.

இதுவரை வந்த செய்தி: உறைபனித் தேதி ஒரு சராசரி, அதற்கு முன்பும் பனி வரலாம், பின்பும் வரலாம். குளிர் மண்டல எண் வேறு, அந்தத் தேதி வேறு.

## வானிலை நிலையத்துப் பனியும் உங்கள் தோட்டத்துப் பனியும்

வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. உங்கள் ராடிக்கியோவோ தரையோடு தரையாகக் கிடக்கிறது. இந்த உயர வித்தியாசம் ஒரு பனி இரவில் பெரிய வித்தியாசமாகிவிடும்.

பகலில் வெயிலை வாங்கிக்கொண்ட தரை, இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியேற்றுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். காற்று வீசினால் மேலிருக்கும் வெதுவெதுப்பான காற்று கீழே கலக்கும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் தரையும் அதை ஒட்டிய இலைகளும் தடையின்றிக் குளிர்ந்துகொண்டே போகும். தரைக்குச் சற்று மேலே இருக்கும் காற்றைவிட அவை சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். இதைக் கதிர்வீச்சு உறைபனி என்கிறார்கள். கைப்பேசி 2 டிகிரி என்று காட்டும் காலையில் புல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இதை நேரில் பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. நீலகிரியில் டிசம்பர், ஜனவரி வந்தால் உறைபனிப் படங்கள் செய்தித்தாள்களில் வருகின்றன. எங்கே எடுத்தவை என்று பாருங்கள்: தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளின் புல்வெளிகள் அடிக்கடி வரும். பக்கத்துச் சரிவுகள் பச்சையாகவே இருக்கும்போது பள்ளம் வெளுத்திருக்கும்.

பெரிய நீர்நிலை இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஒன்டாரியோ ஏரி கோடையில் வாங்கி வைத்த வெப்பத்தை இலையுதிர் காலம் முழுவதும் மெல்ல விடுகிறது. அதனால் ஏரிக்கரையை ஒட்டிய டொராண்டோ நகர்ப்பகுதிக்குப் பனி தாமதமாகவும், வடக்கே மார்க்கம் என்ற ஊரைத் தாண்டிய திறந்த வயல்களுக்கு முன்னதாகவும் வருகிறது. ஒரே மாநகரத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும் ஒரே தேதி இந்த இரண்டு இடத்துக்கும் எப்படிப் பொருந்தும்?

என் யோசனை இது. மிகக் குறைந்த, மிக அதிக வெப்பநிலைகளைப் பதிந்து வைக்கும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, பாத்தியின் நடுவில் ஒரு சாண் உயரத்தில் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள். செப்டம்பர் முதல் ஒவ்வொரு காலையும் குறைந்த அளவைக் குறித்து, அன்றைய வானிலை நிலைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தோட்டம் வழக்கமாக எவ்வளவு கூடுதலாகக் குளிர்கிறது என்பது ஒரு பருவத்திலேயே பிடிபட்டுவிடும். இந்த ஒரு சிறு கணக்கு எந்த அட்டவணையையும்விட மதிப்புள்ளது.

## பனி இலைக்குள் என்ன செய்கிறது

ராடிக்கியோ பனியைத் தாங்கும் என்று பலமுறை சொல்கிறோம். தாங்குவது என்றால் என்ன?

இலைக்குள் இரண்டு இடங்களில் நீர் இருக்கிறது: செல்களுக்கு உள்ளேயும், செல்களுக்கு இடைப்பட்ட வெளியிலும். வெளியில் இருப்பது ஏறக்குறையத் தூய நீர். அது முதலில் உறைகிறது. உறையும் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. செல் சுருங்குகிறது. தக்காளியின் செல் இந்தச் சுருக்கத்தைத் தாங்காது; அதன் மெல்லிய சவ்வு சிதைந்துவிடும். வெயில் ஏறியதும் இலை கறுத்துத் தொங்குவது அதனால்தான். பனிக்கட்டி உருகுகிறது, நீரைத் திரும்பப் பிடித்துக்கொள்ள முழுமையான செல் அங்கே இல்லை.

ராடிக்கியோ இதற்கு முன்கூட்டியே தயாராகிறது. செப்டம்பரின் குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து வரும்போது, மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிச் செல்லுக்குள் சேர்க்கிறது. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது; செல்லை விட்டு எளிதில் வெளியேறுவதும் இல்லை. கூடவே, குளிரிலும் விறைத்துப் போகாதபடி சவ்வின் கொழுப்பு அமைப்பும் மாறுகிறது. இந்தத் தயாரிப்புக்குக் குளிர்ப்பழக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

குளிர்ப்பழக்கம் ஒரே இரவில் வருவதில்லை. 10 டிகிரிக்குக் கீழான இரவுகள் இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். எனவே ஒரே செடி ஒரு வருடம் உறைநிலைக்குக் கீழே பல டிகிரி இறங்கியும் நிமிர்ந்து நிற்கும்; இன்னொரு வருடம், வெதுவெதுப்பான அக்டோபருக்குப் பிறகு திடீரென விழுந்த ஓர் இலேசான பனியில் அடிபடும். "எத்தனை டிகிரி வரை தாங்கும்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பனிக்கு முந்தைய வாரங்கள் எப்படி இருந்தன என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்வி முழுமையாகும்.

சேர்ந்த சர்க்கரை நாக்கிலும் தெரிகிறது. ராடிக்கியோவின் கசப்புக்குக் காரணம் லாக்டுசின், லாக்டுகோபிக்ரின் என்ற பொருள்கள். குளிருக்குப் பிறகும் கசப்பு இருக்கத்தான் செய்யும், ஆனால் இனிப்பு கூடுவதால் அடங்கித் தெரியும். ஆகஸ்டு வெயிலில் பறித்த இலையையும் முதல் பனிக்குப் பிறகு பறித்த இலையையும் அடுத்தடுத்து மென்று பாருங்கள். ஒரே செடியா என்று சந்தேகம் வரும். குளிரில் சிவப்பு நிறமியும் கூடுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சரிசெய்ய வேண்டும். பனி பட்டால்தான் உருண்டை கட்டும் என்று பலர் சொல்வார்கள். உருண்டை கட்டுவதற்கு வேண்டியது செடியின் வயதும் மிதமான குளிர்ச்சியும். அது நடந்து முடிந்த செடிக்குத்தான் பனி சுவையும் நிறமும் சேர்க்கிறது. நான்கைந்து இலையோடு நிற்கும் செடியின்மேல் எத்தனை பனி விழுந்தாலும் உருண்டை வராது.

## வசந்த நடவு ஏன் பூத்தண்டில் முடிகிறது

ஈராண்டுச் செடி என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது. குளிர்காலம் கடந்துவிட்டது என்று செடி எப்படி அறிகிறது? நாட்காட்டி பார்த்து அல்ல. தொடர்ந்து சில வாரம் குளிர் பட்டு, அதன்பின் பகல் நீண்டால் இரண்டாம் ஆண்டு வசந்தம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. குளிர் பட்டதால் பூக்கத் தயாராகும் இந்த மாற்றத்தைக் குளிர்த்தூண்டல் என்பார்கள்.

ஏப்ரலில் விதைத்த நாற்றை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களின் குளிர்ந்த இரவுகள் அதன்மேல் படுகின்றன. பிறகு ஜூன் வருகிறது. டொராண்டோவில் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டுகிறது. சென்னையின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை என்பதால், பகல் நீளம் ஒரு செடிக்கு இவ்வளவு பெரிய செய்தியா என்று நமக்குத் தோன்றலாம். ராடிக்கியோவுக்கு அது கட்டளை. குளிர், பிறகு நீண்ட பகல்: ஒரு குளிர்காலத்தை முழுதாகக் கடந்துவிட்டதாக எண்ணி, இரண்டு மாதச் செடி பூத்தண்டை எழுப்பிவிடுகிறது. மேலே கோடை வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வசந்தத்தில் வளர்க்கவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. சியோஜியாவில் முன்பருவப் பயிர் என்றே ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் ஜூலை நடுப்பகுதி வரை அறுவடையாகிறது. ஆனால் அதற்கென்றே தேர்ந்தெடுத்த வகைகள் இருக்கின்றன. நாற்றைச் சூடேற்றிய கூடத்தில் வளர்த்து, கூடாரத்தின் கீழ் நடுகிறார்கள். நாற்றின்மேல் குளிர் படாமல் காப்பதுதான் அங்கே முழு வித்தையும். முதன்முறை முயல்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. இலையுதிர் காலப் பயிர் கையில் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: வளர்ந்த ராடிக்கியோவுக்கு இலையுதிர் காலக் குளிர் நன்மை; நாற்றுக்கு வசந்தக் குளிர் பூத்தண்டு. ஆகவே கோடையில் வளர்ந்து, பகல் குறையும் நாட்களில் உருண்டை கட்டி, பனிக்கு முழுதாக நிற்கும்படி அமைக்க வேண்டும்.

## பின்னோக்கி எண்ணுவது எப்படி

இப்போது காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரின் முதல் உறைபனி நடுத்தேதி அக்டோபர் 15 என்று வைத்துக்கொள்வோம். உருண்டை அந்தத் தேதியையொட்டிக் கெட்டிப்பட வேண்டும் என்பது இலக்கு.

முதலில் முதிர்வு நாட்கள். விதைத்ததிலிருந்தோ நட்டதிலிருந்தோ அறுவடை வரை ஆகும் நாட்களின் எண்ணிக்கை இது, பொட்டலத்தில் இருக்கும். ராடிக்கியோவில் இந்த எண் வகைக்கு வகை வெகுவாக மாறுகிறது. முந்தி விளையும் சியோஜியா வகைகள் 60 முதல் 70 நாட்களில் முடிந்துவிடும். பிந்தி விளையும் ட்ரெவிசோ வகைகள் 120 நாட்களையும் தாண்டும். வகையின் பெயரைப் பார்க்காமல் "ராடிக்கியோவை ஜூலையில் விதை" என்று யாராவது சொன்னால் அந்த யோசனையால் பயனில்லை. இன்னொன்று: அந்த எண்ணை விதைத்த நாளிலிருந்து எண்ணுகிறார்களா, நாற்று நட்ட நாளிலிருந்தா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் ஒரு மாத வித்தியாசம் உண்டு. பல நிறுவனங்கள் நட்ட நாளிலிருந்து எண்ணுகின்றன.

அடுத்து, பகல் குறைவதற்கான ஈடு. பொட்டலத்தின் எண், நல்ல வெளிச்சமும் மிதமான வெப்பமும் இருக்கும் நாட்களுக்கானது. செப்டம்பருக்குப் பிறகு செடி அந்த வேகத்தில் வளராது. நான் இதற்கு இரண்டு வாரம் கூட்டிக்கொள்வேன்.

கடைசியாக, நாற்றுக்காலம். குழித்தட்டில் விதைத்து நடவுக்குத் தயாராக நான்கு வாரம்.

நட்டதிலிருந்து 65 நாட்களில் விளையும் வகைக்குக் கணக்கு இப்படி வரும். அக்டோபர் 15இலிருந்து 65 நாட்கள் பின்னால் போனால் ஆகஸ்டு 11. இன்னும் இரண்டு வாரம் பின்னால் ஜூலை 28. இது நடவு நாள். அதற்கு நான்கு வாரம் முன்பு ஜூன் 30. இது விதைக்கும் நாள். 90 நாள் வகையானால் நடவு ஜூலை 3, விதைப்பு ஜூன் 5. ஒரே தோட்டம், ஒரே பனித் தேதி, ஆனால் விதைக்கும் நாளில் கிட்டத்தட்ட நான்கு வார வித்தியாசம்.

இந்தக் கணக்கு கொடுக்கும் தேதியை ஒரு வாரம் முன்னும் பின்னும் நகர்த்தலாம், நகர்த்தவும் வேண்டும். தொடக்கத்தில் பார்த்ததுபோல அடிப்படையே ஒரு சராசரிதான். எனவே எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல், பாதியைக் கணக்கு சொன்ன நாளிலும் மீதியைப் பத்து நாள் கழித்தும் போடுங்கள். பனி முந்தினாலும் பிந்தினாலும் ஒரு பாதியாவது சரியான வயதில் இருக்கும்.

முன்கூட்டி விதைத்தால் என்ன? ஆகஸ்டு வெப்பத்தில் உருண்டை கட்டும், கசப்பு ஏறும், உள்ளே அழுகலாம், அல்லது பிளந்து தண்டு எழும்பலாம். பிந்தி விதைத்தால்? இங்கே பனியைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே இறங்கிய பிறகு செடி ஏறக்குறைய வளர்வதை நிறுத்திவிடும். டொராண்டோவிலும் ட்ரெவிசோவிலும் நவம்பர் முதல் வாரத்தில் அந்த நிலை வந்துவிடுகிறது. அதற்குள் உருண்டை கட்டாத செடியைத் துணி போட்டு மூடினாலும் அது அப்படியே நிற்கும். வெப்பத்தைத் துணி ஓரளவு தரும், வெளிச்சத்தைத் தராது. பிந்திய நடவு தோற்றால் எல்லோரும் பனியைக் குற்றம் சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வெளிச்சம்.

கோடை விதைப்பில் ஒரு தொல்லை உண்டு: சூடான மண்ணில் சிக்கரி இன விதைகள் சரியாக முளைக்காது. 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் அவற்றுக்குப் பிடிக்கும். குழித்தட்டை வீட்டின் வடக்குப் பக்க நிழலில் வையுங்கள், மாலையில் விதையுங்கள், அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம், முளைக்கும்வரை மேல்மண் காயக் கூடாது. நடும்போது செடிக்குச் செடி ஒரு அடி விடுங்கள். நெருக்கி நட்டால் இலை வரும், உருண்டை வராது.

## ட்ரெவிசோவில் பனியை வரவேற்கும் விதம்

உறைபனியை ஆபத்தாக மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, ட்ரெவிசோ விவசாயிகளின் பிந்திய பருவ ராடிக்கியோ நல்ல பாடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இதற்கு 1996இல் கிடைத்தது. அந்தக் குறியீட்டின் விதிகளிலேயே, நவம்பர் பிறந்து, வயலில் பயிர்மேல் குறைந்தது இரண்டு உறைபனி விழுந்த பிறகுதான் அறுவடை என்று எழுதியிருக்கிறார்கள். பனி அங்கே தரக்கட்டுப்பாட்டின் ஒரு பகுதி.

விதைப்பு ஜூன், ஜூலையில். ஆகஸ்டில் நடவு முடிந்துவிடும். நவம்பரில் வயலைப் பார்த்தால் அறுவடைக்கு ஏதும் இருப்பதாகவே தோன்றாது. பனியில் வெந்து தரையோடு படிந்த பழுப்பு, சிவப்பு இலைகள்தான் கிடக்கும். அந்தச் செடிகளை வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். மண் ஒட்டிய வெளி இலைகளைக் களைந்து, நிமிர்த்திக் கட்டி, இருட்டாக்கிய கூடத்துக்குள் தொட்டிகளில் நிறுத்துகிறார்கள். வேர் மட்டும் ஓடும் நீரில் நிற்கும். சீலே ஆற்றுப் பகுதியில் நிலத்தடியிலிருந்து ஊற்றெடுக்கும் நீர் அது. வெளியே உறைந்தாலும் ஏறக்குறைய 12 டிகிரியில் நிலையாக இருக்கும்.

வேருக்கு வசந்தம் வந்ததுபோன்ற வெதுவெதுப்பு கிடைக்கிறது. மாதக்கணக்கில் சேமித்த சர்க்கரையைச் செலவிட்டு நடுவில் புதிய குருத்தை அனுப்புகிறது. வெளிச்சம் இல்லாததால் குருத்தில் பச்சையம் உருவாவதில்லை. நரம்பு தூய வெள்ளையாகவும், இலை விளிம்பு ஆழ்ந்த சிவப்பாகவும் நுனி உள்நோக்கி வளைந்தும் வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் எடுத்து, பழைய இலைகளை எல்லாம் உரித்து, வேரில் சில சென்டிமீட்டரை மட்டும் விட்டுச் சீவிக் கழுவுகிறார்கள். வயலில் கண்ட அழுகல் குவியலுக்குள் இருந்து இப்படி ஒன்று வந்தது என்று நம்புவது கடினம்.

பனி இல்லாமல் இந்த முறை நன்றாக அமையாது. பனிதான் மேல் இலைகளின் வளர்ச்சியை நிறுத்தி, செடியின் கவனத்தை வேருக்குத் திருப்புகிறது. முதல் உறைபனி தாமதமாகும் வருடங்களில் அறுவடையும் தாமதமாகிறது. வீட்டில் முயல நினைப்பவர்கள், தோண்டிய செடிகளை ஈர மணல் நிறைந்த வாளியில் நட்டு, 10 முதல் 15 டிகிரி இருக்கும் இருட்டான நிலவறையில் வைத்துப் பார்க்கலாம். ஓடும் நீரின் மெருகு வராது. உண்ணத்தக்க குருத்து வரும்.

## பனி வந்த பிறகு

முதல் பனி விழுந்ததும் எல்லாவற்றையும் அவசரமாக வெட்டி எடுத்துவிட வேண்டாம். கெட்டிப்பட்ட உருண்டைகள் இலேசான பனியில் வாரக்கணக்கில் நிற்கும், சுவையும் கூடும். ட்ரெவிசோ, வெரோனா வகைகள் சியோஜியா உருண்டைகளைவிட அதிகமாகத் தாங்குகின்றன. கெடுதல் செய்வது ஒரே ஒரு குளிர்ந்த இரவைவிட, உறைவதும் உருகுவதும் மாறி மாறி வரும் நாட்கள்தான். வெளி இலைகள் கூழாகி, அதிலிருந்து அழுகல் உள்ளே இறங்கும். அப்படிப்பட்ட வாரம் வருகிறது என்று முன்னறிவிப்பு சொன்னால், கடைகளில் ஃபிளீஸ் என்று விற்கும் மெல்லிய வெள்ளைத் துணியை வளைவுகளின்மேல் போட்டு மூடுங்கள். பகலில் சற்றே திறந்து ஈரம் போக விடுங்கள்.

இலைகள் கண்ணாடிபோல் விறைத்திருக்கும் காலையில் தொடாதீர்கள். உறைந்த நிலையில் விரல் அழுந்திய இடம் எல்லாம் உருகியபின் கறுத்துவிடும். வெயில் ஏறி, இலை மீண்டும் வளைந்து கொடுக்கும் வரை பொறுத்து, நடுப்பகலுக்கு மேல் வெட்டுங்கள். வெளியே இரண்டு மூன்று இலை நைந்திருந்தால் கவலை வேண்டாம். உரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் சேதமிருக்காது. கழுவாமல் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் கெடாது.

உருண்டை கட்டாமல் சிறிய இலைக்கொத்தாக நின்றுவிட்டவற்றைப் பிடுங்க வேண்டியதில்லை. மேலே வைக்கோலைப் பரப்பி விடுங்கள். குளிர்காலத்தைக் கடந்தால், மார்ச் கடைசியில் சாலட்டுக்கு இளம் இலை தரும். ஏப்ரலில் தண்டு எழும்பத் தொடங்குவதற்குள் வெட்டிவிட வேண்டும். அதைப் பூக்கவிட்டு விதை எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஒன்டாரியோவின் சாலையோரம் எல்லாம் கோடையில் நீலமாகப் பூத்து நிற்பது காட்டுச் சிக்கரி, இதே இனம். இரண்டும் தேனீக்கள் மூலம் எளிதில் கலந்துவிடும், அந்த விதையிலிருந்து உருண்டை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. விதையை வாங்கிக்கொள்வதே நல்லது. ஜூன் மாத விதைப்புக்கு வேண்டியதை ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள், ஏனென்றால் கோடை தொடங்கியதும் பல கடைகளில் விதை அடுக்கையே எடுத்துவிடுகிறார்கள்.